ஆர்ம் லேப்டாப்ல லினக்ஸ் போட்டா கருப்பு ஸ்க்ரீன்: போர்டு போகல தம்பி, பயப்படாதீங்க

தம்பி, நீங்க எழுதினத நான் புரிஞ்சுகிட்டபடி ஒரு தடவ சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எஸ்டேட் ஆபீஸ்ல வேல, புதுசா வாங்கினது லெனோவோ யோகா ஸ்லிம் 7எக்ஸ் லேப்டாப், உள்ள ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப்பு, இன்டெல் இல்ல, ஆர்ம் வகை, விண்டோஸ் 11 போட்டே வந்தது. லினக்ஸ் போடலாம்னு மூணு நாளா உக்காந்திருக்கீங்க. மொத பென்டிரைவ் பூட் மெனுலயே தலகாட்டல. அடுத்து டெபியன் 12 ஆர்ம்64 போட்டீங்க, எத பூட் பண்ணணும்னு கேக்கற கிரப் மெனு வந்துச்சு, என்டர் அடிச்சதும் "ஈஎஃப்ஐ ஸ்டப்"னு ரெண்டு மூணு லைன், அதோட கும்மிருட்டு. கடைசியா உபுண்டு 25.10, அது டெஸ்க்டாப் வரைக்கும் வந்துச்சு, பேட்டரி காட்டல, ஒரு தடவ பாதியில அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, இன்னொரு தடவ இன்ஸ்டால் முடிஞ்சும் ரீஸ்டார்ட் பண்ணா நேரா விண்டோஸ் வருது. சேலம் கொண்டு வந்து ஒரு சர்வீஸ் கடைல காட்டினதுக்கு போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க, "உண்மையாண்ணா"ன்னு கேக்கறீங்க.

போர்டுக்கு ஒண்ணும் ஆகல. விண்டோஸ் ஒழுங்கா வருதுல்ல, அப்பறம் எங்க போர்டு போச்சு. ஒரு காசும் குடுக்காதீங்க.

இன்னொண்ணு, நான் போன்ல டைப் பண்றேன், அதனால கமாண்ட் பேரெல்லாம் காதுல கேக்கற மாதிரி தமிழ்லயே எழுதறேன், நீங்க டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

மொத பென்டிரைவ் விஷயத்த சீக்கிரம் முடிச்சிரலாம். நீங்க பென்டிரைவ்ல எழுதின ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் ஃபைல், ஏஎம்டி64 வகை, சத்தியமா. டவுன்லோடு பக்கத்துல பெரிய பட்டன்ல எப்பவும் அதுதான் இருக்கும், இன்டெல் ஏஎம்டி மெஷினுக்கானது. லேப்டாப் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற யூஈஎஃப்ஐ, பென்டிரைவ்ல ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர் பாக்கும், இன்டெல் மெஷின்னா அதுல பூட்எக்ஸ்64 ஃபைல தேடும், உங்க மெஷின் பூட்ஏஏ64 ஃபைலத் தேடும். அது இல்லைன்னா அந்த பென்டிரைவே இல்லாத மாதிரி போயிரும், எரர்கூட காட்டாது. ராஸ்பெரி பை இமேஜும் ஆர்ம்தானேன்னு சில பேரு அத எழுதிப் பாக்கறாங்க, அதுவும் வேலைக்காகாது, அதுல இந்த ஃபைலே இருக்காது. உங்க லேப்டாப்ல இருக்கற மூணு போர்ட்டும் டைப்-சி, அதனால சாதா பென்டிரைவ ஏதோ ஒரு கன்வெர்ட்டர் போட்டுத்தான் குத்தியிருப்பீங்க, ஆட்டங்கண்ட கன்வெர்ட்டரா இருந்தா அதையும் மாத்திப் பாருங்க. மலைல டவுன்லோடு விட்டு விட்டு நடக்கும், ஃபைல் முழுசா வந்துச்சான்னு ஷா256 செக்சம் ஒரு தடவ ஒத்துப் பாத்துட்டு எழுதுங்க.

இப்ப கருப்பு ஸ்க்ரீனுக்கு வரேன், இதுதான் முக்கியம், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிரும்.

இன்டெல் லேப்டாப்ல லினக்ஸ் ஏத்தறது பகல்ல நம்ம ஏற்காடு ரோட்டுல வண்டி ஓட்டற மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்கான், புது டிரைவர்கூட பாத்து பாத்து ஏறிருவான். பிசிஐ பஸ்ல இருக்கற ஒவ்வொரு சாமானும் "நான் இன்னார்"னு தானே பேர் சொல்லும், மீதிய லேப்டாப்புக்குள்ளயே எழுதி வெச்சிருக்கற ஏசிபிஐ டேபிள் சொல்லிரும், லினக்ஸோட மையமான கெர்னல் ஒவ்வொண்ணா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கும். ஆர்ம் சிப்புல பாதி சாமான் அப்படி வாயத் திறக்காது. இந்த அட்ரஸ்ல கீபோர்டுக்கு ஐ2சி இருக்கு, இந்த பின்ன இழுத்தா டிஸ்ப்ளேக்கு கரன்ட் போகும், இந்த கிளாக்க ஆன் பண்ணாத்தான் யூஎஸ்பி உயிர் பெறும்னு எல்லாத்தையும் யாராவது முன்னாடியே எழுதிக் குடுக்கணும். ராத்திரி, மூடுபனி, ஒரு போர்டும் இல்ல, மேப் மட்டும் கையில இருந்தா ஏறலாம், அந்த மேப்தான் டிவைஸ் ட்ரீ. ஃபைலா வரும்போது டிடிபின்னு முடியும். மாடலுக்கு ஒண்ணு. ஒரே எக்ஸ் எலைட் சிப்புதான்னாலும் யோகா ஸ்லிம் 7எக்ஸுக்கு ஒண்ணு, திங்க்பேட் டி14எஸுக்கு ஒண்ணு, விவோபுக் எஸ்15க்கு வேற, எக்ஸ்பிஎஸ் 13க்கு வேற. அடுத்தவன் மேப்ப வெச்சு ஏறினா எந்த வளைவுல போய் விழுவோம்னு சொல்ல முடியாது.

"விண்டோஸ்ல ஏசிபிஐ இருக்குல்ல, அத லினக்ஸ் படிச்சுக்கக் கூடாதா"ன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா உங்க சிப்ப செஞ்ச கம்பெனி குவால்காம், அவங்க சிப்பு போட்ட லேப்டாப்ல அந்த டேபிள் விண்டோஸ மனசுல வெச்சே எழுதினது, பவர் கன்ட்ரோல் பூரா குவால்காமோட விண்டோஸ் டிரைவருக்குள்ள இருக்கு, டேபிள மட்டும் படிச்சா பாதிக் கதைதான் கிடைக்கும். அதனால லினக்ஸ்காரங்க டிவைஸ் ட்ரீ வழியாவே போறாங்க. இந்த டிவைஸ் ட்ரீ ஒண்ணும் புதுசு இல்ல, பழைய சன் மெஷின்லயும் பவர்பிசி மேக்லயும் ஓப்பன் ஃபர்ம்வேர்னு இருந்துச்சே, அதுல இருந்து வந்தது. ஒரு காலத்துல ஆர்ம் போர்டு ஒவ்வொண்ணுக்கும் கெர்னலுக்குள்ளயே சி ஃபைல் எழுதி எழுதிக் குவிச்சாங்க, 2011-ல லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து மெயிலிங் லிஸ்ட்லயே திட்டினதுக்கு அப்பறந்தான் ஆர்ம் ஆளுங்க வேகமா இதுக்கு மாறினாங்க. அதே லினஸ் 2022-ல 5.19 கெர்னல ஒரு ஆர்ம் மேக்புக்ல இருந்து ரிலீஸ் பண்ணாரு, அது தனிக் கதை.

சரி, உங்க ஸ்க்ரீனுக்கு வாங்க. அந்த "ஈஎஃப்ஐ ஸ்டப்" லைன்கள போட்டோ எடுத்தீங்களா? அதுல "ஜெனரேட்டிங் எம்ப்டி டிடிபி"ன்னு ஒரு லைன் இருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சுது, மேப் யாரும் குடுக்கல, வெத்துத் தாள கெர்னல் கையில குடுத்து ஏறுன்னு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம். "யூஸிங் டிடிபி ஃப்ரம் கான்ஃபிகரேஷன் டேபிள்"னு இருந்தா ஏதோ ஒரு மேப் போயிருக்கு, அப்ப பிரச்சன வேற எடத்துல. டெபியன் 12-ல உங்களுக்கு மொதல் ஆள்தான் வந்திருக்கணும். அதோட கெர்னல் 6.1, அது 2022 டிசம்பர்ல வந்தது. உங்க சிப்பு போட்ட லேப்டாப் கடைக்கு வந்ததே 2024 ஜூன்ல. பொறக்காத புள்ளைக்கு எப்படிப் பேர் எழுதி வெச்சிருப்பான். உபுண்டு 24.04 முதல்ல வந்த 6.8 கெர்னலும் இதே கததான். இந்த மாடல்களோட டிடிபி எல்லாம் 6.11, 6.12-ல இருந்துதான் ஒவ்வொண்ணா உள்ள வர ஆரம்பிச்சுது. அதனால இந்த மாதிரி மெஷின்ல "ஸ்டேபிளா பழசு போடறேன்"ங்கற பழக்கத்த விட்ருங்க, நானும் பத்து வருஷமா டெபியன் ஆள்தான், ஆனா இங்க எவ்வளவு புது கெர்னலோ அவ்வளவு நல்லது.

உபுண்டு 25.10 ஏன் டெஸ்க்டாப் வரைக்கும் வந்துச்சுன்னா, அதுல ஸ்டபிள்னு ஒரு சின்ன துண்டு புரோகிராம கெர்னலோடவே ஒட்டி வெச்சிருக்காங்க, அது மெஷின் என்ன மாடல்னு பாத்து அதுக்கான டிடிபிய எடுத்துக் குடுத்திரும். நாம கையால எதுவும் பண்ண வேண்டாம். வேற டிஸ்ட்ரோல, அதாவது வேற வகை லினக்ஸ்ல, புது கெர்னல் போட்டும் இருட்டாவே இருந்தா உங்க மாடல் டிடிபிய பூட் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, கிரப் மெனுல "ஈ" அழுத்தி, டிவைஸ்ட்ரீன்னு ஒரு லைன் சேத்து அந்த ஃபைல் பாத்த குடுக்கணும். நம்பகமான கையெழுத்து இல்லாதத ஓட விடாத செக்யூர் பூட் ஆன்ல இருந்தா கிரப் அந்த லைன ஏத்துக்காது, பயாஸ்ல போய் ஆஃப் பண்ணணும். ஆனா செக்யூர் பூட்ல கை வெக்கறதுக்கு முன்னாடி விண்டோஸுக்குள்ள போய் டிஸ்க்க பூட்டி வெக்கற பிட்லாக்கரோட ரெகவரி கீ, 48 டிஜிட் இருக்கும், அத ஒரு நோட்டுல பேனால எழுதி வெச்சிருங்க, இல்லாட்டி டிவைஸ் என்கிரிப்ஷனையே ஆஃப் பண்ணிருங்க. செக்யூர் பூட்ட மாத்தினதும் அடுத்த தடவ விண்டோஸ் அந்தக் கீய கேட்டு நிக்கும், அப்ப முழிக்கக் கூடாது.

இன்னொரு வகை இருட்டும் இருக்கு. மெசேஜ் எல்லாம் கடகடன்னு ஓடும், ரெண்டு மூணு செகண்ட்ல டக்குனு அணைஞ்சிரும். இங்க கெர்னல் நம்ம வீட்டு அப்பா மாதிரி நடந்துக்குது. ஹால்ல ஆள் இல்லைன்னு பாத்தா ஃபேன் லைட் எல்லாத்தையும் நிறுத்திட்டே போவாருல்ல, பாத்ரூம்ல நாம இருக்கறதே தெரியாம அந்த லைட்டையும் சேத்து. டிஸ்ப்ளே கிளாக்க யூஈஎஃப்ஐ ஆன் பண்ணி வெச்சிருக்கும், கெர்னல் பாக்கும்போது எந்த டிரைவரும் அத இன்னும் கேட்டிருக்காது, சும்மா ஓடுதுன்னு நெனச்சு நிறுத்திரும். அதுக்குத்தான் கிரப்ல லினக்ஸ்னு ஆரம்பிக்கற லைன் கடைசில "கிளாக் இக்னோர் அன்யூஸ்ட்", "பிடி இக்னோர் அன்யூஸ்ட்"னு ரெண்டு வார்த்த சேக்கச் சொல்லுவாங்க, க்ளாக்க சிஎல்கேன்னு மூணு எழுத்துல எழுதணும், நடுவுல எல்லாம் அண்டர்ஸ்கோர், வார்த்தைக்குள்ள ஸ்பேஸ் கிடையாது. கூடவே அங்க இருக்கற "கொயட் ஸ்பிளாஷ்"ஷ அழிச்சிருங்க, அது இருந்தா மெசேஜே தெரியாது. அப்பவும் ஒண்ணும் தெரியலைன்னா "இயர்லிகான் ஈக்வல்ஸ் ஈஎஃப்ஐஎஃப்பி", ஒரு ஸ்பேஸ் விட்டு "கீப் பூட்கான்", நடுவுல அண்டர்ஸ்கோர். இது போட்டா ரொம்ப ஆரம்பத்துல இருந்தே லைன் ஓடறது கண்ணுல படும், மெதுவா ஓடும், பொறுமையா இருங்க.

அடுத்தது அந்த பாதியில உறைஞ்சது, பேட்டரி காட்டாதது. இது ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வர்றது, நிறைய பேருக்கு இது தெரியாம ஐஎஸ்ஓவ திட்டிட்டு இருக்காங்க. இந்த சிப்புக்குள்ள ஏடிஎஸ்பின்னு தனியா ஒரு குட்டி புராசசர் இருக்கு, சவுண்டு மட்டும் இல்ல, பேட்டரி கணக்கு, டைப்-சி போர்ட்ல எவ்வளவு கரன்ட், எந்தப் பக்கம்ங்கற பேச்சுவார்த்த எல்லாம் அதுதான் பாத்துக்குது. லினக்ஸ் அதுக்கு ஃபர்ம்வேர், அதாவது அதுக்குள்ள ஓடற குட்டி புரோகிராம், ஏத்தி எழுப்பற நேரத்துல டைப்-சி போர்ட்டெல்லாம் ஒரு தடவ ரீசெட் ஆகும். ஆனா உங்க முழு லினக்ஸும் அந்த போர்ட்ல குத்தின பென்டிரைவ்ல இருந்துதான் ஓடிட்டு இருக்கு. உக்காந்திருக்கற கிளைய வெட்டற கதைதான், அப்படியே உறைஞ்சிரும். அதனால பென்டிரைவ்ல இருந்து ஓட்டும்போது மட்டும் "மாட்ப்ரோப் டாட் பிளாக்லிஸ்ட் ஈக்வல்ஸ் குவால்காம் க்யூ6வி5 பாஸ்"னு சேத்து அத எழுப்பாம விடறது வழக்கம், குவால்காமுக்கு க்யூசிஓஎம்னு போடணும், பாஸுக்கு பிஏஎஸ், நடுவுல அண்டர்ஸ்கோர். ஏடிஎஸ்பி தூங்கினா பேட்டரி எத்தன பர்சன்ட்னு சொல்ல ஆள் இல்ல, சவுண்டும் வராது. லைவ்ல, அதாவது பென்டிரைவ்ல இருந்தே ஓட்டும்போது, அது சரிதான். இன்ஸ்டால் முடிஞ்சு உள் டிஸ்க்ல இருந்து பூட் ஆகும்போது அந்த வார்த்தைய எடுத்துறணும், இல்லாட்டி எப்பவுமே பேட்டரி தெரியாது. ஏற்காட்டுல மழைக்கு கரன்ட் எப்ப போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, பர்சன்ட் தெரியாம இன்ஸ்டால் ஆரம்பிக்காதீங்க, விண்டோஸ்ல முழுசா சார்ஜ் ஏத்திட்டு வாங்க.

இன்ஸ்டால் ஆன பின்னாடியும் பேட்டரி வரலைன்னா டிமெசேஜ், அதாவது கெர்னலோட மெசேஜ் லிஸ்ட், எடுத்து "ஃபர்ம்வேர்"னு தேடுங்க, டெர்மினல்ல டிஎம்ஈஎஸ்ஜின்னு அடிக்கணும். "க்யூசிஏடிஎஸ்பி8380 டாட் எம்பிஎன் ஃபெயில்ட் வித் எரர் மைனஸ் 2"ன்னு இருக்கும். மைனஸ் 2-ன்னா ஃபைல் அங்க இல்ல, அவ்வளவுதான், ஹார்டுவேர் கோளாறு இல்ல. அந்த ஃபைல் உங்க விண்டோஸ் பார்ட்டிஷன்லதான் இருக்கு, சிஸ்டம்32-க்குள்ள டிரைவர்ஸ்டோர்ல. உபுண்டுல க்யூசிஓஎம் ஃபர்ம்வேர் எக்ஸ்ட்ராக்ட்னு, நடுவுல ஹைபன் போட்டு, ஒரு பேக்கேஜ் இருக்கு, அது தானே விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள்ள போய் வேணுங்கறத எடுத்து லினக்ஸ் பக்கம் வெச்சிரும், என்கிரிப்ஷன் ஆஃப்ல இருந்தா இழுபறி இல்லாம நடக்கும். முடிஞ்சதும் பூட் ஆகும்போது மொதல்ல ஏறற ஃபைல் மூட்டை இனிட்ராம்எஃப்எஸ், அத ஒரு தடவ அப்டேட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஜிபியூவுக்கும் இப்படி ஒரு ஃபைல் வேணும், அது இல்லைன்னா டெஸ்க்டாப் வரும், ஆனா மாட்டு வண்டி மாதிரி நகரும், எல்லாம் சிபியூவுலயே வரைஞ்சிட்டு இருக்கும்.

இதுல நான் பட்டத சொல்லிடறேன். எங்கிட்ட இருக்கறது வேற கம்பெனி லேப்டாப், சிப்பு இதேதான். வாங்கின மொத நாளே பெரிய இவனாட்டம் "எரேஸ் டிஸ்க்" குடுத்து விண்டோஸ சுத்தமா தொடச்சிட்டேன், லினக்ஸ் இருக்க இவன் எதுக்குன்னு. அப்பறம் பாத்தா பேட்டரி இல்ல, சத்தம் இல்ல. அம்மாபேட்டைல ஒரு ஃப்ரெண்டு அதே சிப்பு வேற மாடல் வெச்சிருந்தான், அவன் ஃபைல காப்பி பண்ணிப் போட்டுப் பாத்தேன், ஏறவே இல்ல. ஏன்னா அந்த ஃபர்ம்வேர லேப்டாப் கம்பெனி தன்னோட சாவிய வெச்சு சைன் பண்ணியிருக்கும், சிப்பு வேற ஆள் கையெழுத்த ஏத்துக்காது. கடைசில அந்தக் கம்பெனியோட ரெகவரி இமேஜ ராத்திரி பூரா டவுன்லோடு போட்டு விண்டோஸ திரும்ப ஏத்தி அதுல இருந்து எடுத்தேன், ரெண்டு ராத்திரி போச்சு, வீட்ல திட்டு வேற. சில மாடலுக்கு இப்ப லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜ்லயே வந்திருக்கு, டி14எஸ், எக்ஸ்13எஸ் மாதிரி, ஆனாலும் விண்டோஸ ஒரு 80 ஜிபிக்கு சுருக்கி ஓரமா உக்கார வெச்சிருங்க. பயாஸ் அப்டேட்டுக்கும் அவன் வேணும்.

கடைசிப் பிரச்சன, ரீஸ்டார்ட் பண்ணா நேரா விண்டோஸ். இது இன்ஸ்டால் தப்பாகல, பூட் என்ட்ரி எழுதப்படல. சாதாரணமா இன்ஸ்டாலர் முடியும்போது யூஈஎஃப்ஐ வேரியபிள்ல "இனிமே உபுண்டுவ மொதல்ல கூப்பிடு"ன்னு ஒரு குறிப்பு எழுதும். குவால்காம் மெஷின்ல அந்த வேரியபிள் எல்லாம் சிப்புக்குள்ள இருக்கற டிரஸ்ட்ஸோன்ங்கற பாதுகாப்பு அறைக்குள்ள பூட்டி வெச்சிருக்கு, கெர்னல்ல அதுக்குன்னு ஒரு டிரைவர் இருக்கு, அதுவும் மாடல் பேர் லிஸ்ட்ல இருந்தாத்தான் வேலை செய்யும். டெர்மினல்ல ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்னு அடிங்க, லிஸ்ட் வந்தா நல்லது, அதுலயே ஆர்டர மாத்திக்கலாம். "ஈஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்"னு வந்தா லினக்ஸ்ல இருந்து எழுத வழியில்ல. அப்ப எஃப்12 மெனுவுல உபுண்டு தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா விண்டோஸுக்குள்ள போய் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல பிசிடிஎடிட் வெச்சு பூட்எம்ஜிஆரோட பாத்த ஈஎஃப்ஐ ஃபோல்டர்ல உபுண்டுக்குள்ள இருக்கற ஷிம்ஏஏ64 ஃபைலுக்கு திருப்பி விடலாம், அது உபுண்டுவ கூப்பிட்டுரும். அதுவும் பிடிக்கலைன்னா லைவ்ல போயி, ச்ரூட் பண்ணி, அதாவது இன்ஸ்டால் ஆன உபுண்டுக்குள்ள நுழைஞ்சு, கிரப் இன்ஸ்டால ஹைபன் ஹைபன் ரிமூவபிள், ஹைபன் ஹைபன் நோ ஹைபன் என்விராம் ரெண்டும் சேத்து ஓட்டுங்க, கிரப் போய் அந்த பூட்ஏஏ64 எடத்துலயே உக்காந்துக்கும், மேல பென்டிரைவுக்கு சொன்னேன்ல அதே பேரு. அப்பறம் எஃப்12-ல டிஸ்க்க நேரா தேர்ந்தெடுத்தா வந்திரும்.

இன்ஸ்டால் ஆனதும் ஏபிடி அப்டேட் குடுத்தா "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்"னு திட்டினா ரெப்போ, அதாவது பேக்கேஜ் வர்ற சர்வர், அது மேல சந்தேகப்படாதீங்க, கடிகாரத்தப் பாருங்க, 1970-ல நிக்கும். குவால்காம்ல அந்த கடிகார சிப்புக்கு நாம டைம் எழுத முடியாது, வித்தியாசத்த மட்டும் வேற எடத்துல சேமிச்சு வெக்கணும், மேல சொன்ன வேரியபிள் வேலை செய்யலைன்னா இதுவும் படுத்துக்கும். நெட் வந்தா தானா சரியாயிரும். வைஃபை இல்லைன்னா போன யூஎஸ்பில குத்தி டெதரிங் போடுங்க, எந்த டிரைவரும் கேக்காது.

எல்லாம் ஓடினப்பறமும் சிலது வராது, இப்பவே சொல்லிடறேன். கேமரா இழுபறி. ஹைபர்னேட் மறந்துருங்க, மூடி வெச்சா பேட்டரி விண்டோஸ விட கொஞ்சம் வேகமா இறங்கும். ஸ்பீக்கர்ல சவுண்ட மொதல்லயே முழுசா ஏத்தாதீங்க, சூடாகாம காப்பாத்தற ஏற்பாடு விண்டோஸ் டிரைவர்ல இருக்கற அளவுக்கு இங்க இல்ல, பாதிலயே வெச்சுக் கேளுங்க. கேவிஎம் போட்டு வர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம்னா, அந்த எடத்துல குவால்காமோட ஹைப்பர்வைசர், வர்ச்சுவல் மெஷின நடத்தற புரோகிராம், ஏற்கனவே உக்காந்திருக்கு, சாதாரணமா எந்திரிக்காது. இன்டெல்லுக்கு மட்டும் இருக்கற புரோகிராம பாக்ஸ்64, ஃபெக்ஸ் வெச்சு ஓட்டலாம், ஆனா பிரின்டர் டிரைவர இப்படி ஏமாத்த முடியாது, வாங்கறதுக்கு முன்னாடி ஆர்ம்64 டிரைவர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. எஸ்டேட் கணக்கு டேலில இருந்தா அதுக்கு அந்த விண்டோஸ் பார்ட்டிஷனே போதும். ஜெர்மனில லினக்ஸ் லேப்டாப்பையே தொழிலா வெச்சிருக்கற டக்ஸீடோ இதே எக்ஸ் எலைட்ல ஒரு லேப்டாப் செஞ்சுட்டு இருந்தாங்க, 2025 நவம்பர்ல அவங்களே அத நிறுத்திட்டாங்க, ஆக உங்களுக்கு மூணு நாள் ஆனதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, 25.10 ஏற்கனவே உள்ள இறங்கிருச்சுங்கறதால மறுபடி இன்ஸ்டால் பண்ணாதீங்க, எஃப்12 அழுத்திப் பாருங்க, உபுண்டு வந்தா உள்ள போய் அந்த ஃபர்ம்வேர் எக்ஸ்ட்ராக்ட ஓட்டுங்க. வரலைன்னா பிசிடிஎடிட். நடுவுல எங்க நின்னாலும் ஸ்க்ரீனோட கடைசி அஞ்சாறு லைன ஆடாம போட்டோ எடுத்துப் போடுங்க, "வரலண்ணா"ன்னு மட்டும் எழுதினா எனக்கு ஒண்ணும் தெரியாது.